மூன்றாவது சாட்சி

மகளிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பதிவு அலுவலகத்தில் எங்கள் இருவர் பெயரையும் போட்டோவையும் ஒரு தாளில் போட்டு, ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் அதை நின்று படிக்கலாம். என்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறவளுக்கு மட்டும் விஷயம் தெரியாது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பன்னிரண்டு நாளை ஓட்டிவிட்டேன்.

என் கணவர் இறந்து பதினோரு வருஷம். கோரிமேட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் தேங்காய்த்திட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். கல்யாணமே செய்துகொள்ளாமல் தாயாரோடு இருந்தவர். இரண்டு வருஷம் அந்த அம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, தனியாக வந்து என் ஜன்னல் முன் நின்றார்.

"யாருக்குச் சீட்டு?" என்றேன்.

"சீட்டு வேணாம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பின்னால் வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். நான் திட்டித்தான் அனுப்பினேன். ஆனால் அன்று முழுக்க அந்தக் கைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். கழுவினாலும் போகாத கிரீஸ் கறை நகக்கண்ணில் இருந்தது. அந்தக் கை என் மேல் பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். துணைக்கு ஆள் வேண்டும், வயதான காலத்தில் பேச்சுக்கு ஒருத்தர் வேண்டும் என்றெல்லாம் பிறகு தோழிகளிடம் கௌரவமாகச் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இரண்டாம்பட்சம்.

நாங்கள் கிராமத்தில் நிலம் வைத்திருக்கிற குடும்பம். அவர் கடற்கரை ஆள். தெரிந்தால் என் அண்ணன்மார் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்கள். குதிக்கட்டும், அவர்கள் முழங்காலுக்குத்தான் கேடு. ஆனால் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னால் தாங்க முடியாது. அப்படி நடந்தால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவரிடமே சொல்லியிருந்தேன். "சரி" என்றார். அவர் எதற்கும் அவ்வளவுதான் பேசுவார்.

மகள் காலாப்பட்டில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஒரு சினிமா சங்கத்தில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய படம் போடுவதும் பேசுவதுமாக இருப்பாள். ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு நான்தான் படத்தைப் பத்திப் பேசப்போறேன். நீ வந்தே ஆவணும்" என்றாள். சரி, படம் முடிந்து திரும்பும்போது சொல்லிவிடலாம் என்று நானும் கிளம்பினேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், முப்பது பேர். படம் கறுப்பு வெள்ளை. பிரெஞ்சில் பேசினார்கள், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. அது ஓடுகிற வேகத்துக்கு என் இங்கிலீஷ் ஓடாது. ஆனாலும் கால் மணி நேரத்தில் கதை புரிந்துவிட்டது.

பெரிய வீட்டு எஜமானி. புருஷன், வயசுக்கு வந்த ஒரு மகள். கடிகாரம் பழுது பார்க்க வருகிறவன் மேல் அவளுக்கு ஆசை வந்துவிடுகிறது. அவன் கருவிகளைத் துடைத்துப் பையில் வைப்பதை அவள் பார்க்கிற பார்வை ஒன்று போதும், எழுத்தே வேண்டாம். புருஷன் வீட்டாருக்கு விஷயம் தெரிகிறது. அவளுக்குச் சித்தம் சரியில்லை என்று ஊருக்கும் மகளுக்கும் சொல்லி மாடியில் வைத்துப் பூட்டுகிறார்கள். கடைசியில் அவள் பூட்டை உடைத்து இறங்கி, வாசலைத் தாண்டி நடக்கிறாள். ஒருமுறை திரும்பி மகளின் ஜன்னலைப் பார்க்கிறாள். மகள் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுகிறாள். படம் முடிந்தது.

உலகத்தில் இத்தனை படம் இருக்க, இதைத் தேர்ந்தெடுத்து, என்னை வரிசையில் முதல் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அவள் பதில் என்று முடிவு கட்டினேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

விளக்கைப் போட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "பெத்த பொண்ணை நெனைச்சுப் பாக்க வேணாமா அந்தம்மா? இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார். வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன்.

அதற்குள் மகள் மைக்கை வாங்கினாள். "அந்தப் பொண்ணையும் கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க சார். கடைசிவரைக்கும் அவகிட்ட யாருமே உண்மையைச் சொல்லல. சொல்லியிருந்தா அந்தத் திரையை மூடியிருக்கமாட்டா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்து கடற்கரைச் சாலையில் நடந்தோம். இன்னும் வெயில் இருந்தது. பாறைகளைப் பார்த்த மாதிரி உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"போன வாரம் என் ஃபிரெண்டு கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனேன்மா. அங்க பலகையில உன் போட்டோ."

நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"உனக்காகப் போட்ட படம் இல்லம்மா, அதை மூணு மாசம் முன்னாடியே முடிவு பண்ணியாச்சு. நீயா சொல்லுவேன்னு ஒரு வாரம் காத்திருந்தேன். ஊருக்கெல்லாம் ஒட்டி வெச்சிருக்கே, எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலியா?" குரல் உடைந்தது. கோபம்தான், ஆனால் நான் பயந்த கோபம் இல்லை.

"நீ வேணாம்னு சொல்லிட்டா விட்டுடறதுன்னு இருந்தேன். அதனால்தான் கேக்கவே பயம்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு போட்டிருந்தது. எனக்கு ஒண்ணு இருக்கு" என்றாள்.

"சொல்லு."

"அந்த போட்டோ. வேலை கார்டுல இருக்கற போட்டோவையா குடுப்பாங்க? வரிசையில நில்லுய்யான்னு கத்தற மூஞ்சிம்மா அது. அவரு பாவம், பக்கத்துல எப்படிச் சிரிச்சிட்டு இருக்காரு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்கு மூக்கு ஒழுகியது. புடவைத் தலைப்பிலேயே துடைத்தேன், நல்ல புடவை என்றும் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பசித்தது. ஆளுக்கு இரண்டு பஜ்ஜி வாங்கித் தின்றோம். அவரைப் பற்றி அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கைகளைப் பற்றித் தவிர.

முப்பது நாள் முடிந்து பதிவுக்குப் போனபோது சாட்சி மூன்று பேர் வேண்டும் என்றார்கள். என்னோடு வேலை செய்கிற இருவர் வந்திருந்தார்கள். மூன்றாவதாக மகள் பேனாவை வாங்கி, அப்பாவின் இனிஷியலை முதலில் போட்டு, தன் பெயரை முழுசாக எழுதினாள்.

எழுத்தர் தாளைப் பார்த்துக்கொண்டே, "மணமகளுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மகள்" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.