என் மகள் ஏந்திய படம்

இலங்கைப் போரில் தாங்களாகவே போய், இப்போது தடைசெய்யப்பட்டிருக்கும் இயக்கத்தில் சேர்ந்து மடிந்த எங்கள் பந்தலூர் எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கும். இறந்தபோது அவருக்கிருந்த வயதில் உள்ள ஒருவர் அவர் படத்தை ஏந்தி நிற்பது வழக்கம். இந்த வருடம் என் மகளும் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டதும் பதறி ஓடினேன். அவளுக்கு அரசு வேலை கிடைத்து, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கியிருந்தது.

மைதானத்தில் மஃப்டி போலீஸ்காரர் ஒருவர் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் செல்போனில் படம் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். மகளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். வேலை போனா இவங்களா தருவாங்க?"

படத்தில் இருந்தவரின் தாய் அருகே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ படத்தை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"கூட்டிக்கிட்டுப் போங்க தம்பி. இவன் சண்டைக்குப் போன அன்னைக்கு நான் லயத்து வீட்டு வாசல்ல நின்னு கத்துனேன். இப்பிடி ஓடிப்போயி கையப் புடிக்கல."

மகளோடு வெளியேறும்போது திரும்பிப் பார்த்தேன். இளைஞர்களின் வரிசையில், அவள் நின்ற இடத்தில் அந்தத் தாய் படத்தோடு நின்றிருந்தார். போலீஸ்காரரின் செல்போன் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

அவர் சொன்னதைத்தான் செய்தேன். ஆனாலும் என் மகளுக்குப் பதிலாக அவரை அங்கே நிற்கவிட்டு வந்தது இன்னும் உறுத்துகிறது.