சாமி என்று யாரைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தவர்

சூசை ஃபாதர் இறந்துவிட்டார். இன்று காலை, டவுன் ஆஸ்பத்திரியில்.

மலையடிவாரத்தில், காரவள்ளி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை எங்கே அடக்கம் செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. மலை மேல் வளப்பூர் நாட்டில், எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். ஆனால் பாதிரியார்களுக்கென்று டவுனில் தனிக் கல்லறை இருக்கிறது, அதுதான் வழக்கம் என்கிறார்கள்.

அப்பாவும் ஊர்க்காரர்கள் சிலரும் பிஷப் ஹவுஸுக்குக் கேட்கப் போயிருக்கிறார்கள். தாலுகா ஆபீஸில்கூட வாய் திறக்காதவர் அப்பா... அங்கே என்ன பேசுவாரோ.

சம்மதித்தால் அவர் உடலோடு வண்டி இந்த வழியாகத்தான் மலை ஏறும். இல்லையென்றால் நான் டவுனுக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் இங்கேயே இறங்கி நிற்கிறேன்.

அப்பாவின் போன் சுவிட்ச் ஆஃப்.

ஃபாதர் கடற்கரை ஊர்க்காரர். மலைக்கு வந்த புதிதில் நடந்ததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். செம்மேடு சந்தையில் நான் எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா கத்தியிருக்கிறாள். "ஏஞ்சாமி, அங்க என்ன பராக்கு? வந்து கெழங்கத் தின்னு!"

எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அது அவருக்குத் தெரியாது. அவர் ஊரில் சாமி என்றால் பாதிரியார். வெள்ளை அங்கியோடு வந்து அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுக்க முடியாமல் என் குச்சிக்கிழங்கை அவருக்குக் கொடுத்துவிட்டாள் அம்மா. நான் வந்து அழுதபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. "அப்ப நீதானா அந்தச் சாமி?" என்று மீதியை என் கையில் வைத்தார்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே திரும்புவார். யார் எந்தக் குழந்தையைக் கூப்பிட்டாலும் "இந்தா வந்துட்டேன்" என்பார். "உங்களையில்லீங்க!" என்று ஊரே சிரிக்கும்.

எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. அவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

தம்பி பிறக்கும் நேரம். அம்மாவுக்கு வலி வந்துவிட்டது, பஸ் இல்லை. ஃபாதரின் ஜீப்தான் எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ்.

ஆனால் கொண்டை ஊசி வளைவு என்றால் அவருக்கு உயிரே போய்விடும். ஒவ்வொரு திருப்பத்திலும் சத்தமாக மாதாவைக் கூப்பிடுவார். பின்சீட்டில் வலியில் கிடந்த அம்மாதான் அவருக்குத் தைரியம் சொன்னாள். "பயப்படாதீங்க சாமி... மெதுவாப் போலாம். நா தாங்கிக்கறேன்."

நான் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்காமல் இருந்தேன்.

இதே காரவள்ளிக்கு வந்ததும் ஜீப்பை நிறுத்தி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

அடுத்து இன்னொரு வீட்டிலிருந்து கூப்பிட்டபோதும் போனார்.

நான் டிகிரி முடித்து ஊருக்கு வந்தபோது, "இனி உன்ன மேடம்னுதான் கூப்பிடணும்" என்றார். "அவ எப்பவும் சாமிதானுங்க" என்றாள் அம்மா. "அப்ப நான்?" என்று பாவமாகக் கேட்டார்.

இருட்டிக்கொண்டு வருகிறது. மேலே மழையாம். டீக்கடை அண்ணன், "ஏனுங்க கண்ணு, மலைக்குக் கடசி பஸ்ஸு இதுதானுங்க. ஏறலீங்களா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். பஸ் போய்விட்டது. சரியாகத்தான் செய்தேனா, தெரியவில்லை...

அப்பா கூப்பிட்டார்!

"குடுத்துட்டாங்க கண்ணு. வந்துட்டே இருக்கோம். ஆனா டிரைவருக்கு மலை புதுசாம்... மழையில ஏறமாட்டேங்கறாரு. காரவள்ளி வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவாராம்."

அவர் குரலே சரியில்லை.

உடனே அம்மாவின் போன். "சாமி வந்துட்டாங்களா, சாமி?"

அதோ, வண்டி வெளிச்சம். ரோட்டுக்கு வந்து நிற்கிறேன். டிரைவரிடம் நானே பேசப் போகிறேன்.

பயப்படாதீங்க ஃபாதர். மெதுவாப் போலாம்.