நாலாய் வெட்டிய பௌதிகப் புத்தகம்

சண்டைக் காலத்தில் கப்பல் வராவிட்டால் மண்ணெண்ணெய்க்குத்தான் திண்டாட்டம் என்று நினைத்திருந்தேன். மதுரையில் இன்டர்மீடியட் சேர்ந்த பிறகுதான் பௌதிகப் புத்தகமும் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு என்ற ஞானம் பிறந்தது. பழைய பிரதிக்கே யானை விலை, குதிரை விலை சொன்னான் கடைக்காரன். எங்கள் வாத்தியாரோ அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தைத் தவிர வேறெதையும் கையால் தொடமாட்டார்.

எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் நாலு பேர். நான் தேவதானப்பட்டி. இரண்டு பேர் பெரியகுளம். நாலாமவன் ஜெயமங்கலம். அவனுடைய அப்பா நெல் விவசாயி, எழுத்து வாசனை கிடையாது. அவர்தான் எங்கெங்கோ அலைந்து ஒரு பிரதி வாங்கிக் கொடுத்திருந்தார். ஹாஸ்டலில் இருந்தவரை நாலு தலையும் அதன் மேலேயே கிடந்தன. பரீட்சை லீவு வந்ததும் ஆளுக்கொரு பக்கம், புத்தகம் ஒன்று. யார் கொண்டுபோவது என்று ஜெயமங்கலத்தில் அவன் வீட்டு வாசலில் வைத்தே சண்டை போட்டோம், வெட்கமில்லாமல்.

அவன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கதிர் அரிவாளோடு வந்தார்.

"ஒரு ஆத்துத் தண்ணிய எத்தன ஊரு பாய்ச்சுதாக! வாய்க்கா பிரிச்சா முடிஞ்சுபோச்சு. எங்கன வெட்டணும், சொல்லுங்கப்பா."

காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற புத்தகம் அது. அவரும் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொண்டுதான் முதுகுத் தையலை அறுத்தார். வெப்பம், ஒளி, ஒலி, மின்சாரம் என்று நாலு துண்டு. அவன் அம்மா கோணி ஊசியால் தனித்தனியாகத் தைத்துக் கொடுத்தாள். வாரம் ஒரு துண்டு ஒருவனிடம். பெரியகுளம் சந்தையன்று கைமாற்ற வேண்டும். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரியே முறை வைத்துவிட்டார். சொந்தக் காசில் வாங்கிய பொருளை ஊரான் பிள்ளைகளுக்காக இப்படி அறுக்க ஒரு மனசு வேண்டுமே!

இரண்டாவது சந்தைக்கு ஜெயமங்கலத்து நண்பன் வரவில்லை. அவன் அப்பாதான் ஒளித் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"பெரியப்பா, அவன் எங்க?"

"குளிர்காய்ச்சல்ல கெடக்கான். ஒரு பக்கங்கூடப் பொரட்டல."

இந்த வருஷம் எழுதாவிட்டால் இன்னொரு வருஷம் காலேஜுக்கு அனுப்ப அவருக்கு வழி கிடையாது. கலப்பையைத்தான் பிடிக்க வேண்டும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"அப்ப நீங்களே வச்சிருங்க. அவன் எந்திரிச்சுப் படிக்கட்டும்."

"அதெப்பிடி? அவன் மொற முடிஞ்சுபோச்சு. இது உம் மொற. அடுத்தவன் மடைய அடைச்சுட்டு நான் ஊருக்குள்ள தல நிமிந்து நடக்க முடியுமா?"

துண்டை என் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று நடந்தார். இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது: எங்கள் பக்கம் முறை வருகிற நாளில் ஒருவன் படுத்துக்கிடந்தால், அடுத்த வயல்காரன் அவன் வயலுக்கும் பாய்ச்சிவிட்டுத்தான் தன் மடையைத் திறப்பான். வாய்திறந்து யாரும் கேட்பதில்லை, அவரும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டு ஜெயமங்கலத்துக்கே போனேன்.

அந்த வாரம் முழுக்க அவன் பாய் ஓரத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். அவன் கம்பளிக்குள் பல் கிட்டிக்க நடுங்குவான். நடுக்கம் விட்டதும், "ஏலே, அந்தக் கண்ணாடிப் பாடத்த இன்னொருக்கா வாசி" என்பான். அப்பா நிலைப்படியில் நின்று ஒரு வார்த்தை புரியாமல் கேட்பார். ஒருநாள் முப்பட்டைக் கண்ணாடிப் படத்தைக் காட்டி வெளிச்சம் ஏழு நிறமாகப் பிரிகிற கதையைச் சொன்னேன்.

"அடேயப்பா! வெயிலுக்குள்ள இம்புட்டும் கெடக்கா?" என்று வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். படித்தபோது எனக்கு வராத பிரமிப்பு அப்போதுதான் வந்தது.

விஷயம் கேள்விப்பட்டுப் பெரியகுளத்து இருவரும் தங்கள் துண்டுகளோடு வந்து வாசித்தார்கள். அவன் குளிர்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையும் சால்வையுமாகப் பரீட்சை எழுதினான்.

முடிவு பேப்பரில் வந்த அன்று அவனுக்கு மறுபடி காய்ச்சல். பெரியகுளத்தில் பஸ் நிற்கிற இடத்தில் பேப்பரோடு நான் நின்றிருந்தேன். அப்பா ஜெயமங்கலத்திலிருந்து நடந்தே வந்தார். முகமெல்லாம் புழுதி.

"நீ தேறிட்டியாப்பா?"

"தேறிட்டேன் பெரியப்பா."

"பெரியகுளத்துப் பிள்ளைக?"

"ரெண்டு பேரும்."

"நல்லாருங்க, நல்லாருங்க" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்: "இவன்?"

அவர் விரலைப் பிடித்து, தேறியவர் பட்டியலில் இருந்த அவன் பரீட்சை எண்ணின் மேல் வைத்தேன்.

கரிப் புகை கக்கிக்கொண்டு நான் ஏற வேண்டிய தேவதானப்பட்டி பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், பஸ் போயும் விட்டது. அவர் விரலை எடுக்கவில்லை.