ஓரத்தைப் பார்த்தவர்

ஆரோக்கியமேரி சிஸ்டர் இறந்துவிட்டார் என்று மருந்தாளுநர் வந்து சொன்னபோது, ஒருவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டிருந்தால் சிஸ்டரே திட்டியிருப்பார்.

திருமானூர், ஏலாக்குறிச்சிப் பக்கத்து மக்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பலர் உடம்பில் அவர் ஆற்றிய காயத்தின் தழும்பு இருக்கும். எங்கள் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். கோபக்காரர். காயத்துக் கட்டை நனைத்துக்கொண்டு வருபவரிடம், "கால்லயே நாத்து வுட்டிருக்கியளா?" என்பார். நோயாளிகளிடம் அதிகம் பேசாத டாக்டரான எனக்கு அந்தச் சத்தம் எரிச்சலூட்டும்.

1998இல் கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டு, செல்வி என்ற பெண்ணின் கால் முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. ஐந்து வாரமாகியும் புண் மூடவில்லை. சர்க்கரை நோய் இல்லை. மருந்துகளை மாற்றிப் பார்த்தேன். எலும்பு தெரியத் தொடங்கியதும், காலை எடுக்க நேரலாம் என்று தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.

சிஸ்டர் கடிதத்தை அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டார். "நடுவையே பாக்குறீங்க டாக்டரம்மா. ஓரத்தப் பாருங்க. அங்கேருந்துதான் தோல் வளந்து வரணும். ஓரம் பட்டினி கெடக்கு."

நான் நம்பவில்லை. அவர் செல்வியின் மாமியாரிடம் திரும்பினார். "மருமவளுக்கு என்னாம்மா குடுக்குற?"

"கஞ்சியும் உப்பும்தாங்க. முட்டை, மீனு, பருப்பு எதையும் கண்ணுல காட்டல. சீ புடிச்சுரும்ல?"

அந்த அம்மாள் அதைப் பெருமையாகச் சொன்னார். ஐந்து வாரத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

சிஸ்டர் வாதாடவில்லை. மறுநாள் விரலில் புதிய வெட்டுக்காயத்தோடு வந்து, மாமியார் எதிரில் அமர்ந்து அவித்த முட்டையைத் தின்றார். "எனக்குச் சீ புடிச்சா நல்லா சிரி. புடிக்கலன்னா அவளுக்கும் குடு." அந்த அம்மாள் தினமும் விரலைப் பிடித்துப் பார்த்தார். ஐந்தாம் நாள், "சரி, குடுத்துத் தொலைங்க" என்றார். அது தற்செயலாகப் பட்ட வெட்டுதானா என்று பிறகு கேட்டேன். சிஸ்டர் அடுத்தவரின் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் புண்ணின் குழியில் சிவந்த சதை நிறைந்தது. அதன் ஓரங்களிலிருந்து, காய்ச்சிய பாலின் ஆடைபோல மெல்லிய தோல் உள்நோக்கி நகர்ந்தது. கடிதத்தைக் கிழித்தேன். செல்வி விந்தி விந்தித்தான் நடந்தாள். இரண்டு காலிலும் நடந்தாள்.

காலை எடுக்கப் பரிந்துரைக்கும் கடிதத்தில் கையெழுத்திடும் முன், இப்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன். அவரைப்போல உரக்கக் கேட்க எனக்கு வராது. பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.