டீச்சர், நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை

மார்கரெட் டீச்சரை மூன்றாவது மாடியில் அடைத்து வைத்தே சாகவிட்டார்கள். பூட்டுப் போடவில்லை... லிஃப்ட்டை ரிப்பேர் செய்யவில்லை, அவ்வளவுதான்.

நேற்று காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு... மயிலாப்பூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் டீச்சருக்கு மூன்றாவது மாடியில் சொந்த வீடு. எனக்குத் தரைத்தளத்தில் வாடகை வீடு. பிசிக்ஸ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, ஒரே மகள் கனடாவில்.

நான் பத்தாவதோடு நின்றவன். சைதாப்பேட்டையில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டினேன். அந்த மெஷின் எப்படிக் குளிர வைக்கிறது என்று தெரிந்துகொள்ள லைப்ரரியில் உட்கார்ந்து நானே படித்த பிசிக்ஸ்தான் என்னுடையது.

எங்களுக்குள் ஒரே சண்டை. பிரபஞ்சம் கடைசியில் எங்கே போய் நிற்கும்?

டீச்சர் கட்சி: நட்சத்திரமெல்லாம் அணையும், சூடெல்லாம் பரவி எங்கும் ஒரே மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு எதுவும் நடக்காது. சமநிலை.

என் கட்சி: வராது. ஈர்ப்பு விசை சிதறியதைத் திரட்டிக்கொண்டே இருக்கும். அதோடு, மொத்தப் பிரபஞ்சமும் மூடி வைத்த டப்பா என்று யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தது?

லிஃப்ட் ஓடிய காலத்தில் சாயங்காலம் கீழே வருவார். கேட் பக்கம் நாற்காலி போட்டுச் சண்டை. பிறகு லிஃப்ட் நின்றது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து வாக்கர், எனக்கு இரண்டு முழங்காலும் போச்சு. அவரால் இறங்க முடியாது, என்னால் ஏற முடியாது.

அதனால் அவர் பால்கனியில், நான் தெருவில். கத்திக் கத்திப் பேசினோம். போன் இருக்கிறதே என்பீர்கள். போனில் சண்டை போட்டால் முகம் தெரியாது.

மீன் விற்கும் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார். "இன்னா டீச்சர், உலகம் எப்போ முடியப் போவுது? சொன்னீன்னா அதுக்குள்ள இந்த வஞ்சிரத்த வித்துட்டுப் போய்க்கினே இருப்பேன்."

"உன் மீன் கெட்டுப் போகுது பார், அதுதாம்மா ஆரம்பம்" என்று மேலேயிருந்து பதில் வரும்.

"காலங்காத்தால வாயக் கழுவு டீச்சர்! துள்ளிக்கினு கீது!"

காய்கறி, பால் எல்லாவற்றையும் டீச்சர் கயிறு கட்டிய கூடையில்தான் மேலே இழுப்பார். ஒரு நாள் அதே கூடையில் எனக்குக் காபி இறங்கியது. மூடாத டம்ளரில். மெதுவாக... வேண்டுமென்றே மெதுவாக.

"எப்படி இருக்கு ஐஸ்காரரே?"

"ஆறிப்போச்சு."

"அதுதான் என் கட்சி. குடிங்க."

"அடுப்புல வச்சா திரும்பச் சுடும் டீச்சர். சூட்டை எதிர்த்துத் தள்ளி ஐஸ் எடுத்தவன் நான்!"

"அந்த அடுப்புக்கு கேஸ் எங்கேருந்து வந்துச்சு? ஐஸ் எடுக்க வெளியில எவ்வளவு சூட்டைக் கொட்டினீங்க? அதைச் சொல்லுங்க!"

குடித்துவிட்டு டம்ளரைக் கூடையில் வைத்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.

லிஃப்ட் கதை இதுதான். மேல்மாடி ஓனர்கள் ரிப்பேர் வேண்டும் என்றார்கள். கீழ் வீட்டு ஓனர்கள், நாங்கள் ஏறாத லிஃப்ட்டுக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்றார்கள். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. ஒவ்வொரு மீட்டிங்கிலும் அதே கைகள்தான் உயர்ந்தன.

என் ஓனர் வேண்டாம் என்ற பக்கம். போன் போட்டுக் கத்தினேன். "சார், நீங்க டெனன்ட். உங்களுக்கு ஓட்டு கிடையாது" என்று வைத்துவிட்டார்.

டீச்சரிடம் சொன்னேன். சிரித்தார். "பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் சமம், ஒண்ணும் நகராது. பிரபஞ்சத்துக்கு இன்னும் நாளாகும். நம்ம பில்டிங் முந்திக்கிச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகப் போக அவருக்கும் வரவில்லை.

ஞாயிறு பூசைக்கு சர்ச் மணி அடித்தால் பால்கனிக்குக் கேட்கும். நடந்து போகும் தூரம்தான்... ஒரு நாள் கேட்டார், "ஐஸ்காரரே, கீழே தரை சுடுதா?" செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். சுடுது டீச்சர் என்றேன். "சரி, போட்டுக்கோங்க" என்றார்.

நேற்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சுவரில் முட்டி நின்றது. "சாய்ங்க... இல்ல, இந்தப் பக்கம்... கால், கால்!" கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏறிப்போய் ஒரு கை பிடிக்க முடியவில்லை.

என் வாசலுக்கு வந்தபோது கண் திறந்திருந்தது.

"இன்னும் ஒத்துக்கலையா?"

"மாட்டேன்."

"சரி... வந்து பேசிக்கலாம்."

வந்துவிட்டார். மகள் வரும்வரை ஐஸ் பெட்டியில். பெட்டி மாடிப்படியில் திரும்பாது என்று கார் நிறுத்தும் இடத்திலேயே, என் கதவுக்கு எதிரில் வைத்திருக்கிறார்கள். செத்த பிறகும் அவரால் தன் வீட்டுக்குள் போக முடியவில்லை.

பெட்டியின் கம்ப்ரசர் ஓடுகிறது. உள்ளே குளிர், வெளியே என் காலில் சூடு அடிக்கிறது. எவ்வளவு சூட்டைக் கொட்டினீங்க என்று கேட்டாரே... இவ்வளவு, டீச்சர்.

நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. மோட்டார் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்... வேண்டாம், எழுத முடியவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அசோசியேஷன் செகரட்டரி இன்றே லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், அடுத்த மீட்டிங்கில் அல்ல.

வேண்டாம் என்று கை தூக்கியவர்கள் மாலையோடு வந்தால், முதலில் மூன்றாவது மாடி வரை ஏற வேண்டும். அந்தப் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, பிறகு மாலையைப் போடட்டும்.

என் ஓனர் ஓட்டை மாற்ற வேண்டும். இதைப் படித்துவிட்டு என்னைக் காலி செய்யச் சொல்வதானால், மாற்றிவிட்டுச் சொல்லட்டும்.

பால்கனியில் தொங்கும் கூடையை மகள் வரும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது.

மீன்கார அம்மா நாளை அடக்கத்துக்கு சர்ச்சுக்கு வர வேண்டும்.

நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். மோட்டார் நின்றால் பார்க்க ஆள் வேண்டும்.

போய் வாங்க டீச்சர். சமநிலை வராது.