முழங்கால் அளவு மணல்

நினைவு ஆராதனைக்கு முந்தின நாள் போதகர் வீட்டுக்கு வந்து, நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, ஐயாவைப் பத்தி நாளைக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். சபைக்குப் புதிதாக வந்தவர். இறந்துபோனவரை ஒரு வருஷமாகத்தான் தெரியும். அதுவும், கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும் விட அரை வரி முந்திப் பாடுகிற கிழவராகத்தான் தெரியும்.

"நல்லவர், வல்லவர்னு எல்லாருக்கும் சொல்றதையே சொல்லிடாதீங்க. மணல் அள்ளினார்னு சொல்லுங்க," என்றாள் கிழவரின் மனைவி.

போதகர் விழித்தார். அவள் முதலிலிருந்து சொன்னாள்.

அவருக்கு ஆற்றோரத்தில் மூன்று ஏக்கர் நிலம். உழவு, விதைப்பு, அறுப்பு போக மிச்ச நேரத்திலும் அவரை வீட்டுக்குள் பிடிக்க முடியாது. தூண்டிலோடு ஆற்றங்கரையில் இருப்பார், இல்லையென்றால் மலைச்சரிவில் ஏறி எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கல்யாணமான புதிதில் அவள், "நமக்குக் கூரைன்னு ஒண்ணு எதுக்குங்க?" என்று கேட்டிருக்கிறாள். "நீ நனையாம இருக்கத்தான்," என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. தலைபோகிற அவசரமானாலும் அன்றைக்கு மண்வெட்டியைத் தொடமாட்டார்.

அவருடைய நாற்பத்தெட்டாவது வயதில் ஆறு கரை தாண்டியது. மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தபோது, கதிர் பிடித்திருந்த சோளம் நின்ற இடத்தில் முழங்கால் அளவுக்கு மணல். மூன்று ஏக்கரிலும் அப்படித்தான். வேலிக்கம்புகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. வீடு கட்டுகிற மேஸ்திரி ஒருவர் வந்து ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார். "சேறு கலந்திருக்கு. கட்டடத்துக்கு ஆகாது," என்று கையைத் தட்டிவிட்டுப் போனார். இயந்திரம் வைத்து அள்ளலாம் என்றால், நிலத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் அது நுழையாது.

டவுனிலிருந்து அண்ணன் வந்தார். "டேய், இது ஆகிற காரியமா? எங்க மில்லுல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். கிளம்பு."

"நாற்காலி போட்டு நாள் பூரா உக்காரணுமா?"

"ஆமா, நிழல்ல."

"அதுக்கு வேற ஆளைப் பாருண்ணா. மேல இருக்கிறதுதான் மணல். அடியில என் நிலம் அப்படியே கிடக்கு. எங்கயும் போகலை."

திங்கட்கிழமை காலையில் மண்வெட்டியையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். அள்ளிய மணலை ஆற்றுப் பக்கமாகக் கொட்டிக் கரை கட்டினார். அது சரியாமல் இருக்க நாணலைப் பிடுங்கி வந்து நட்டார். காலையில் பிறத்தியார் வயலில் கூலி வேலை, மத்தியானத்துக்கு மேல் மணல். ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். மூன்றாவது வாரம் அவளே இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். "சும்மா நின்னு வேடிக்கை பாக்க எனக்கே வெக்கமா இருந்துச்சு," என்றாள் போதகரிடம்.

ஊரில் அவர் பெயர் போய் 'மணலு' என்று ஆனது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்; கோபப்படமாட்டார்.

ஆலயத்தில் இருபது பேர் கூடி, ஆராதனை முடிந்ததும் வந்து அள்ளித் தருவதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடாது என்றார். அப்படியானால் சனிக்கிழமை வருகிறோம் என்றார்கள். "உங்க வேலையைக் கெடுத்துக்காதீங்க. என் நிலத்தை நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டார்.

"இதுக்குப் பேரு வீம்பு," என்றாள் அவள். அதன் பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த மாதமே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினொரு நாள் படுக்கை. பதினொரு நாளும் அவள் தனியாக வண்டி தள்ளினாள். பன்னிரண்டாம் நாள், இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் வந்து நின்றார்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு," என்று சொல்லி அவள் கையிலிருந்து வண்டியை வாங்கினார்.

முதல் வருஷக் கடைசியில் அரை ஏக்கர் வெளியே வந்தது. மண்வெட்டியின் நுனியில் கறுப்பு மண் ஒட்டியதைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில், பாம்பு கடித்துவிட்டதோ என்று அவள் அலறிக்கொண்டு ஓடினாள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தாள். கிட்டப்போய்ப் பார்த்தால் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார். அந்த அரை ஏக்கரில் அந்த வாரமே விதைத்தார்கள். மூன்று ஏக்கரும் முழுதாகத் தெரிய நாலரை வருஷம் ஆனது.

அவருக்கு அறுபத்தேழு வயதானபோது ஆறு மறுபடி வந்தது. கரை தாங்கியது, ஒரே ஒரு இடம் தவிர. அங்கே உடைத்துக்கொண்டு வந்து அரை ஏக்கரை மூடிவிட்டுப் போனது. அவர் பழைய தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது சபை ஆட்கள் பாதையில் வந்து நின்றார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. இவரு வேண்டாம்னு சொல்லுவாரு. யாரும் காதுல வாங்காதீங்க."

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "அங்க கொட்டாதே, இங்க கொட்டு" என்று எல்லாரையும் விரட்ட ஆரம்பித்தார். ஆறு சனிக்கிழமையில் வேலை முடிந்தது.

"அப்பவே இவங்களை வரச் சொல்லியிருக்கலாம்," என்றார் அன்று சாயந்திரம்.

"பத்தொன்பது வருஷம் கழிச்சாவது தோணுச்சே," என்றாள் அவள்.

இந்த வருஷம், எழுபத்தொன்பது வயதில், மூன்று ஏக்கரையும் விதைத்து முடித்த வாரம் காய்ச்சலில் படுத்தார். நாலாம் நாள் போய்விட்டார். மேற்கு மூலையில் முளைப்பு சரியில்லை, திரும்ப விதைக்கணும் என்று முந்தின நாள் சொன்னார்.

போதகர் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். மறுநாள் அதை அப்படியே வாசித்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இனிமே தனியா எதுக்கு? இன்னைக்கே எங்ககூட வந்துடுங்க."

"வரேன்டி. அறுப்பு முடியட்டும்," என்றாள் அவள். திங்கட்கிழமை காலையில், விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கு மூலைக்கு நடந்தாள்.