படிக்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டுச் சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. நானும் என் கணவரும் ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்த்தோம். மகள் அதிக நேரம் தனியாக இருக்கக் கூடாது என்று எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தோம். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவருக்கு மதியம். நான் படப்பையில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது அவர் அசெம்பிளி லைனில் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ராத்திரி அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன், விடியுமுன் நான் கிளம்பும்போது அவர் தூங்குவார். பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில், கடைசி ஏழு வருஷம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதுவும் ஓ.டி. என்று கூடுதல் வேலைக்குக் கூப்பிடாத ஞாயிறாக இருக்க வேண்டும்.

லைனில் போன் வைத்திருக்கக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அதனால் நோட்டு என்பது அவர் யோசனை. கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர் புக் எழுதுவோம். எது முடிந்தது, எது முடியாமல் நிற்கிறது, வருகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். வருகிறவர் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். முடியாத வேலையை விட்டுவிட முடியாது. முடியும்வரை அடுத்தடுத்த நாள் பக்கத்தில் முதல் வரியாகத் திரும்ப எழுதிக்கொண்டே வர வேண்டும்.

"அதையே வூட்டுக்கும் வெச்சிக்கலாம்" என்றார்.

"அப்போ நீங்க இன்னா, சூப்பர்வைசரா?"

"நான் லேபர்தான். சூப்பர்வைசர் நீ."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாவு தீர்ந்தது, பின்பக்கக் குழாய் சொட்டுது, பாப்பாவுக்கு கிராப் நோட்டு வாங்கணும் என்று எழுதுவார். நடுவில் 'சாம்பாரில் உப்பு கம்மி, சூப்பர்வைசர் கவனிக்க' என்று ஒரு குறும்பும் இருக்கும். முதல் வருஷம் அதைப் படிப்பதற்காகவே செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடியிருக்கிறேன்.

ஆனால் நான் ஏழு வருஷம் லைனில் நின்றவள். அங்கே ஹேண்டோவர் புக்கை யாரும் படிப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பஸ்ஸைவிட்டு இறங்கி, யூனிபார்ம் மாற்றி, பஸ்ஸர் அடிப்பதற்குள் போய் நிற்க வேண்டும். இதில் எங்கே படிப்பது? கை தானாகக் கீழே போகும், கையெழுத்து விழும். "படிச்சியா, இல்ல சும்மா கிறுக்கினியா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். "படிச்சேன் சார்" என்பேன். அந்தக் கையோடுதான் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

போன டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை லீவில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே அவர் சரிந்து விழுந்தார். கூட நின்றவர்கள் ஷேர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் லாக்கரைத் திறந்தபோது போன் முழுக்க மிஸ்டு கால். யூனிபார்மோடு ஓடினேன். முகத்தை மூடியிருந்தார்கள். நாற்பத்தொரு வயது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ணும் நம்பரை அவர் நோட்டில்தான் எழுதி வைத்திருப்பார். அதைத் தேடிப் பக்கங்களைத் திருப்பினேன். அவர் சாவதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது.

'இடது கை ரெண்டு நாளா மரத்துப் போவுது. நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கலாமா, இல்ல நாளைக்கே லீவு போட்டு டாக்டராண்ட போவலாமா? நீ சொல்லு.'

கீழே என் கையெழுத்து.

வியாழக்கிழமைப் பக்கத்தில், முறை தவறாமல், முதல் வரியாக 'கை வலி, அப்படியே கீது' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயும் என் கையெழுத்து.

புதன்கிழமை என்ன செய்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை வரும்போல் இருந்தது, மாடியில் துணி காய்ந்தது. பையை வைத்தேன், கையெழுத்துப் போட்டேன், மாடிக்கு ஓடினேன். துணி நனையவில்லை.

கடவுள் கூப்பிட்டுக்கிட்டார் என்று ஆறுதல் சொன்னவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அன்றே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. என்னைத் தின்பது வேறொன்று. ஷிப்ட் முடிந்து வந்து அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்திருப்பார். இவள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையே என்றுதானே நினைத்திருப்பார்? அந்த நினைப்போடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். யாருக்கு ஹேண்டோவர் என்றெல்லாம் யோசிக்கவில்லை. நாளைக்கு நான் வராவிட்டால் இந்த வீட்டை எடுத்து நடத்துகிறவருக்கு என்ன தெரிய வேண்டும்? மகளின் ஆதார் கார்டு எந்த டப்பாவில், பீரோ சாவி எங்கே, அவளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. ஒரே வாரத்தில் இதெல்லாம் தீர்ந்துபோனது. ஒரு ஆள் போனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

அப்புறம் முடியாமல் நிற்பவை வர ஆரம்பித்தன. சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் என் தங்கையோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. ஒன்பது நாள் அந்த வரியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். பத்தாவது நாள் எழுதக் கை கூசியது, போனை எடுத்தேன். "இன்னாக்கா" என்றாள், எதுவும் நடக்காததுபோல. மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதாகச் சொன்னது, அவள் பள்ளிக்கூடத்து டான்ஸைப் பார்க்க வருவதாகச் சொன்னது என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாகச் செய்தேன். பகல் நேர ஜெனரல் ஷிப்டுக்கு மாறினேன். ஓ.டி.க்குக் கூப்பிட்டால் முடியாது என்கிறேன். கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எழுதினால்தான் எனக்கு உறைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி ஒன்றேதான். அவருக்குக் கை வலி, டாக்டரிடம் போக வேண்டும். முடியாத வேலையை விட்டுவிடக் கூடாது என்பது முறை. நாலு மாதமாக எழுதுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் வேலைவிட்டு வந்து நோட்டை எடுத்தேன். அன்றைய பக்கத்தில் மகளின் குண்டுக் கையெழுத்து.

'அம்மா, கடவாய்ப் பல்லு நாலு நாளா வலிக்குது. படிச்சா மட்டும் சைன் போடு.'

அவளைக் கூப்பிட்டேன். "அப்பா இதுல எழுதினது உனக்குத் தெரியுமா?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா போன் பண்ணி சொல்றேன்னுச்சு. நான்தான், அம்மா லைன்ல இருக்கும், எடுக்காது, நோட்ல எழுதுப்பா, அம்மா படிச்சிடும்னு சொன்னேன்."

பத்து வயது. இந்த நாலு மாதமும் நான் மட்டும்தான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ சொன்னது சரிதாம்மா. அம்மாதான் படிக்கல."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்."

அழுது முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. முகத்தைக் கழுவிவிட்டு, அந்த நிமிஷமே படப்பை கடைத்தெருவில் இருக்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் அவள் எழுதியதை அவளுக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டேன். பிறகு அடுத்த நாள் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியை எழுதப் போனேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் எழுதறேன்."

அப்பாவுக்குக் கை வலி, டாக்டராண்ட போவணும் என்று எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளினாள். நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன்.